நேரலைக் கருவியும் நள்ளிரவுப் புதுப்பித்தலும்: ஒரு வரலாற்றுப் பார்வை



இப்பதிவைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். இன்று பல பள்ளிகளில் நிகழ்ச்சிகளை இணையத்தில் நேரலையாகக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றை வாங்குவதற்கு நிதி திரட்டுகிறோம். யார் இயக்குவது என்றும் பேசிக்கொள்கிறோம். ஆனால் அவற்றுக்குள் இருக்கும் மென்பொருளை யார், எப்பொழுது, எப்படிப் பராமரிப்பது என்ற கேள்வியை எந்தக் கூட்டத்திலும் எவரும் எழுப்பி நான் கேட்டதில்லை. நானும் எழுப்பியதில்லை. அதற்கான விலையைக் கொடுத்த பிறகுதான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ரெங்கத்தில் நடந்தது

எங்கள் ஊர் ரெங்கம், ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ளது. சிம்பாங் ரெங்கத்தோடு எங்களைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். அது நெடுஞ்சாலை ஊர். எங்களுடையது இரயில் ஊர். சுற்றிலும் இரப்பரும் செம்பனையும். இங்கிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் தந்தையர் பலர்.

18 மார்ச் 2020 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஜொகூர்ப் பாலத்தின் வழியாக அன்றாடம் போய்வந்த வாழ்க்கை அன்றோடு நின்றது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அக்கரையிலேயே தங்கியவர்கள், பிள்ளைகளைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்தார்கள். தரைவழி எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது 1 ஏப்ரல் 2022 அன்றுதான்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2021ஆம் ஆண்டின் பள்ளித் தவணை முடியும் தறுவாயில், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பிரியாவிடை நிகழ்ச்சி நடத்தினோம். மண்டபத்தில் சிலரே அமர அனுமதி. ஆகவே நேரலை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் நிதி திரட்டி வாங்கித் தந்த சிறிய கலவைக் கருவி, இரண்டு ஒளிப்படக் கருவிகள், ஒரு மடிக்கணினி ஆகியவை எங்களிடம் இருந்தன.

முதல் நாள் இரவு மடிக்கணினியைத் திறந்தேன். கருவியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரை சொன்னது. புதியது என்றால் நல்லதுதானே என்று 'சரி' என்பதை அழுத்திவிட்டேன். மறுநாள் காலையில், கருவிக்குள் இருக்கும் மென்பொருள் பழையது, அதையும் புதுப்பித்தால்தான் இணைவேன் என்றது கணினி. அதையும் அழுத்தினேன். பாதி வேலையில் மண்டபத்தில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. கருவி அத்தோடு எழவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு கைப்பேசியை நாற்காலியில் சாய்த்து வைத்து நேரலையைத் தொடங்கினோம். அதற்குள் நன்றியுரை முடிந்துவிட்டது. நன்றியுரை ஆற்றிய மாணவனின் தந்தை, சிங்கப்பூரில் தம் ஓய்வு நேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டு, திரையையே பார்த்துக் காத்திருந்திருக்கிறார். அன்று மாலை அவர் அழைத்தார். "பரவாயில்லைங்க ஐயா, கடைசிப் பாட்டைப் பார்த்தேன்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, கையேட்டைப் படித்து மென்பொருளை மீண்டும் ஏற்றியபோது கருவி உயிர்பெற்றது. கருவியில் குறையில்லை, இயக்கியவனிடம்தான் குறை. எனக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு நாள் மட்டுமே.

பழுது பார்த்த காலம்

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 28 டிசம்பர் 1963 அன்று தொடங்கியது. கல்வித் தொலைக்காட்சி 19 ஜூன் 1972 அன்று தொடங்கப்பட்டது. பள்ளி நேரத்தில் பாட நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது.

அக்காலத்து நிலையங்களில் பல ஒளிப்படக் கருவிகளின் படங்களை மாற்றி மாற்றி அனுப்பிய கலவை மேசைகள் முழுக்க மின்னணுச் சுற்றுகளால் ஆனவை. பொத்தான் தேய்ந்தால் மாற்றினார்கள். சுற்று கெட்டால் பற்றவைத்தார்கள். பழுது என்பது கண்ணால் காணக்கூடிய ஒன்று. வாங்கிய நாளில் அந்த மேசை என்ன செய்ததோ அதையே பத்தாண்டுகளுக்குப் பிறகும் செய்யும். ஆனால் விலையோ பெரிய நிலையங்கள் மட்டுமே தாங்கக்கூடியது.

மேசை கணினியான கதை

இந்நிலையை மாற்றியது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டொபீக்கா என்னும் ஊரில் 1985இல் டிம் ஜெனிசன் தொடங்கிய நியூடெக் என்னும் நிறுவனம். 1990இல் அது 'வீடியோ டோஸ்டர்' என்ற பெயரில் ஒரு மின்சுற்று அட்டையையும் மென்பொருளையும் வெளியிட்டது. காமடோர் நிறுவனத்தின் அமிகா கணினியில் அந்த அட்டையைச் செருகினால், நான்கு படங்களைக் கலக்கலாம், எழுத்துப் போடலாம், காட்சி மாற்றங்கள் செய்யலாம். சிறிய நிலையங்களும் திருமண ஒளிப்பதிவாளர்களும் தேவாலயங்களும் முதன்முறையாகத் தொலைக்காட்சித் தரத்தைத் தொட்டனர்.

ஆனால் 1994 ஏப்ரலில் காமடோர் நொடித்துப்போனது. டோஸ்டர் நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுமந்த கணினிக்குத்தான் எதிர்காலம் இல்லாமற் போயிற்று. கலவைக் கருவி கணினியாக மாறிய அன்றே அதன் ஆயுள் வேறொருவர் கையில் ஒப்படைக்கப்பட்டது என்பதுதான் இதில் நாம் காணும் முதற்பாடம்.

நியூடெக் பின்னர் வின்டோஸ் பக்கம் நகர்ந்து, 2005இல் 'டிரைகாஸ்டர்' என்னும் பெட்டியை அறிமுகப்படுத்தியது. கலவை, எழுத்து, ஒலி, பதிவு, இணைய ஒளிபரப்பு அனைத்தும் ஒரே பெட்டியில். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தனிக்கருவி. உள்ளே வின்டோஸ் கணினி. அந்நிறுவனத்தை 2019இல் விஸ்ஆர்டி என்னும் நிறுவனம் வாங்கியது.

இத்தகைய பெட்டியை ஒரே வேலைக்கு ஒதுக்கி வைப்பதற்குக் காரணம் உண்டு. நேரலைக்கு மறுபதிப்பு கிடையாது. வினாடிக்கு 25 அல்லது 30 படங்களைத் தவறாமல் அனுப்பும் கணினிக்கு நடுவே வேறு வேலை வரக்கூடாது. மின்னஞ்சல் பார்ப்பதும் விளையாட்டு ஏற்றுவதும் அதில் ஆகாது. தானாக நடக்கும் புதுப்பித்தலையும் அதனால்தான் நிறுத்தி வைப்பார்கள்.

2012இல் ஹியூ பெய்லி என்பவர் 'ஓபிஎஸ்' என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார். எவரும் இலவசமாகப் பெறலாம். பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பள்ளிகளையும் ஆலயங்களையும் மக்களோடு இணைத்தவற்றுள் இதுவும் ஒன்று. 2022 ஆகஸ்டு இறுதியில் இதன் 28ஆம் பதிப்பு வந்தபோது, வின்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கான ஆதரவு நின்றது. பலர் சேர்த்து வைத்திருந்த கூடுதல் செருகுநிரல்களும், அவற்றின் புதிய பதிப்புகள் வரும்வரை இயங்கவில்லை. இதில் எவரையும் குறைகூற முடியாது. மென்பொருள் வளர வேண்டுமானால் பழைய அடித்தளத்தை விட்டாக வேண்டும். நிகழ்ச்சிக்கு முதல்நாள் அதை ஏற்றியவர்தான் திண்டாடினார்.

தொடாமலே விட்டால்?

"அப்படியானால் தொடவே வேண்டாம், ஓடுகிறவரை ஓடட்டும்" என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. வரலாறு அதையும் ஏற்கவில்லை.

12 மே 2017 அன்று 'வான்னாகிரை' என்னும் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 14 மார்ச் 2017 அன்றே, அதாவது ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளிவந்துவிட்டது. அதை ஏற்றாதவர்களே பெரிதும் அடிபட்டார்கள்.

இணையத்தில் இணைக்காவிட்டால் தப்பலாம் என்பீர்கள். ஆனால் நேரலைக் கருவியின் வேலையே இணையத்துக்கு அனுப்புவதுதான். நாம் மாறாவிட்டாலும் எதிர்முனை மாறிவிடுகிறது. மறையாக்கம் செய்யாமல் நேரலை அனுப்பும் பழைய வழியை முகநூல் 2019இல் நிறுத்தியது. புதிய வழியை அறியாத பழைய கருவிகள், எந்தப் பழுதும் இல்லாமலே, அங்கு பயனற்றுப் போயின. 30 செப்டம்பர் 2021 அன்று இணையத்தில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழின் காலம் முடிந்தபோது, நெடுநாள் புதுப்பிக்கப்படாத கருவிகள் பல தளங்களோடு பாதுகாப்பாக இணைய முடியாமல் நின்றன. பெட்டி தூங்கிக்கொண்டிருந்தாலும் நாட்காட்டி தூங்குவதில்லை.

இயங்குதளத்துக்கும் முடிவுநாள் உண்டு. வின்டோஸ் எக்ஸ்பி 8 ஏப்ரல் 2014 அன்றும், வின்டோஸ் 7 14 ஜனவரி 2020 அன்றும், வின்டோஸ் 10 14 அக்டோபர் 2025 அன்றும் வழக்கமான ஆதரவை இழந்தன. உங்கள் பள்ளிக் கணினி இவற்றுள் எதில் ஓடுகிறது என்பதை இன்றே பார்த்து எழுதி வையுங்கள்.

புதுப்பித்தலே நிறுத்திய ஒளிபரப்பு

மறுபக்கத்துக்கும் ஒரு சான்று உண்டு. 19 ஜூலை 2024, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரப்படி நண்பகல் 12.09க்குக் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு பிழையான புதுப்பித்தலை அனுப்பியது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆயினும் அதற்குள் ஏறக்குறைய 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுவிட்டன. இங்கிலாந்தின் ஸ்கை நியூஸ் தொலைக்காட்சி அன்று காலை நேரலை செய்திகளை வழங்க முடியாமல் தவித்தது. நம் நாட்டில் ஏர் ஆசியாவின் பயணிகள் பதிவு முறையும் தடைப்பட்டது. கோப்பு ஒன்றை நீக்குவதுதான் தீர்வு. ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஆள் நேரில் போக வேண்டியிருந்தது.

பெரும் பொறியாளர் படையே வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இந்நிலை என்றால், இரண்டு ஆசிரியர்களும் ஒரு மடிக்கணினியும் உள்ள நமக்கு என்ன காப்பு?

தண்டவாளம் கற்பிக்கும் பாடம்

விடை எங்கள் ஊரிலேயே இருந்தது. ஜொகூர் வழியாகச் செல்லும் இரயில் பாதை 1909இல் நிறைவுற்றது. மலாயாவின் இரயில் பாதைகளை அமைத்ததிலும் பேணியதிலும் தமிழ்த் தொழிலாளர்களின் வியர்வை பெரிது. அவர்கள் தண்டவாளத்தைத் தொடாமல் விட்டதில்லை. தொடாவிட்டால் வண்டி கவிழும். ஆனால் வண்டி வரும் நேரத்தில் தொட்டதும் இல்லை. பேணுதல் என்பது நேரம் அறிந்து செய்யும் வேலை. அந்த ஒழுங்கை நான் மறந்தேன்.

இப்பொழுது எங்கள் பள்ளியில் கடைப்பிடிப்பவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்:

1. புதுப்பித்தலுக்கு நாள் குறித்திருக்கிறோம்: ஒவ்வொரு பள்ளி விடுமுறையின் முதல் வாரம். நிகழ்ச்சிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் எதையும் தொடுவதில்லை. அவசரப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் இருவர் கலந்து பேசி முடிவெடுக்கிறோம்.

2. புதுப்பிக்கும் முன், கணினியின் முழுப் படியை ஒரு வெளிவட்டில் எடுத்து வைக்கிறோம். பழைய பதிப்பின் நிறுவல் கோப்பையும் அழிப்பதில்லை. திரும்பிப் போக வழி வேண்டும்.

3. கட்டுப்பாட்டு மென்பொருளையும் கருவிக்குள் உள்ள மென்பொருளையும் ஒரே நாளில், இணையாகவே புதுப்பிக்கிறோம். அப்போது கருவி மின்கலக் காப்புப் பெட்டியில் இணைந்திருக்கும்.

4. முடிந்ததும் ஒரு மணி நேரம் வெறும் மண்டபத்தை நேரலையாக ஓட்டிப் பார்க்கிறோம். ஐந்து நிமிடச் சோதனை போதாது. சூடு ஏறிய பிறகுதான் சில குறைகள் தெரியும்.

5. ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். தேதி, பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண், செய்தவர் பெயர். கடவுச்சொல் இரண்டு ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒருவர் மாற்றலாகிப் போனால் கருவி ஊமையாகிவிடக் கூடாது.

6. நிகழ்ச்சி நாளில் ஒரு கைப்பேசி மாற்றுவழியாகத் தயாராக இருக்கும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கருவிக்கு நிதி ஒதுக்கும்போதே வெளிவட்டுக்கும் மின்கலக் காப்புப் பெட்டிக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு ஆண்டுக்குச் சில நாள் நேரமும் ஒதுக்கித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

அந்த மாணவன் இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். அவனுடைய நன்றியுரையின் பதிவு ஒளிப்படக் கருவியின் அட்டையில் இருந்தது. மறுநாளே அவன் தந்தைக்கு அனுப்பினேன். அவர் அதைப் பலமுறை பார்த்ததாகச் சொன்னார். ஆயினும், மகன் பேசுகின்ற அதே கணத்தில் கடலுக்கு அப்பால் இருந்து அவனைப் பார்ப்பதற்காகத்தான் அவர் காத்திருந்தார். அந்தக் கணத்தைப் பதிவால் திருப்பித் தர முடியவில்லை.

எங்கள் குறிப்பேட்டின் முதல் வரியில் அந்த நிகழ்ச்சியின் தேதியை எழுதியிருக்கிறேன். பதிப்பு எண் எதுவும் அந்த வரியில் இல்லை.

உங்கள் பள்ளியில் இப்பொறுப்பை யார் பார்க்கிறார்கள்? அடுத்த கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்புங்கள். மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.