வல்வில் ஓரி நினைவும் ஆடிப் பதினெட்டும்: புளியஞ்சோலை – கொல்லிமலை சார்ந்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி சங்கப் பாடல்களில் வில்லாளியாகவும் வள்ளலாகவும் போரில் கொல்லப்பட்ட தலைவனாகவும் இடம்பெறுகிறான். இம்மூன்று கூறுகளுள் முதலிரண்டே இன்றைய நினைவேந்தலில் முதன்மை பெற்றுள்ளன. ஓரிக்கு மலைமேல் அரசு விழா எடுக்கப்படும் ஆடிப் பதினெட்டில், மலையடிவாரப் புளியஞ்சோலையில் மக்கள் ஆற்று நீரை வழிபடுகின்றனர். ஒரு மலையின் இருவேறு நினைவுகள் ஒரு நாளில் சந்திக்கும் முறையையும், வேட்டை வில் விளையாட்டு வில்லாக மாறியதன் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வல்வில் ஓரி, கொல்லிமலை, புளியஞ்சோலை, கூட்டு நினைவு, வில்வித்தை, ஆடிப்பெருக்கு.

முன்னுரை

திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூர் வட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர் புளியஞ்சோலை. மலைமேல் அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகில் ஆகாயகங்கை அருவியாக வீழும் ஐயாறு, கீழிறங்கி இவ்வூரை அடைந்து, பின் சமவெளி கடந்து காவிரியில் கலக்கிறது. மலைமேல் உள்ள ஊர்கள் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டம் 1997இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் செல்லும் சாலை மலைக்கு இன்று முதன்மை வழியாக விளங்க, புளியஞ்சோலை மலையேறும் நடைவழியின் வாயிலாக உள்ளது. மலைமுகடும் அடிவாரமும் ஆட்சி எல்லையால் பிரிந்தும் ஆற்றால் இணைந்தும் நிற்கும் இந்நிலை, ஓரி பற்றிய நினைவைப் புரிந்துகொள்ளத் துணைசெய்கிறது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஆல்புவாக்சு 1925இல் வெளியிட்ட நூலில், நினைவு தனிமனித மனத்தின் சேமிப்பு மட்டும் அன்று என்றும், சமூகக் குழுக்கள் தரும் சட்டகத்துக்குள்ளேயே அது உருப்பெறுகிறது என்றும் விளக்கினார். எதை நினைப்பது, எதை விடுவது என்பதை நிகழ்காலத் தேவையே பெரிதும் முடிவு செய்கிறது என்னும் இக்கருத்து சமூக உளவியலுக்கும் வரலாற்றியலுக்கும் பொதுவானது. ஓரியின் நினைவை இந்நோக்கில் அணுகலாம்.

சங்கப் பாடல்களில் ஓரி

வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடல் ஓரியின் வில்லாற்றலுக்கு முதன்மைச் சான்றாகும். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கொன்று, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக அப்பாடல் கூறுகிறது. இதனை இலக்கிய மிகையாகக் கொள்வதில் தடையில்லை. ஆனால் பாடலின் பிற்பகுதி கூடுதல் கவனத்துக்குரியது. வேட்டுவன் யாரென அறியாத பாணர் குழுவினர் இருபத்தொரு துறைகளையும் முறையே பாடி முடித்து, ‘கோ’ எனக் கூறியபோது, அது தன்னைக் குறிப்பதால் ஓரி நாணுகிறான். பின்னர் வேட்டையில் கொன்ற மானின் ஊனையும் மதுவையும், தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் அவர்களுக்கு அளிக்கிறான். இங்கு வில்லின் பெருமை குறிதவறாமையில் முடிவதில்லை. அதனால் கிடைத்ததைப் பகிர்வதில் நிறைவடைகிறது.

புறநானூற்று 153ஆம் பாடலும் அவனது கொடையையே பேசுகிறது. கழைதின் யானையார் பாடிய 204ஆம் பாடல், இரத்தலின் இழிவையும் ஈயாமையின் பேரிழிவையும் ஓரியின் முன்னிலையில் எடுத்துரைக்கிறது. 158ஆம் பாடலும் சிறுபாணாற்றுப்படையும் அவனை எழுவர் வள்ளல்களுள் ஒருவனாக வரிசைப்படுத்துகின்றன.

அகப்பாடல்கள் வேறொரு செய்தியைத் தருகின்றன. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்ததைக் கல்லாடனாரின் அகநானூற்று 209ஆம் பாடல் குறிக்கிறது. ஓரியைக் கொன்ற காரி அவனது பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணை 320ஆம் பாடலில் உவமையாக்குகிறார். குறுந்தொகை 100ஆம் பாடலில் கொல்லிப்பாவை ஓரியின் மலைக்கு உரியது. 89ஆம் பாடலிலோ அது பொறையனின் கொல்லிக்கு உரியது. ஒரே பாவையின் உடைமையாளர் மாறியிருப்பது, மலையின் ஆட்சி கைமாறியதற்குப் புறச்சான்று போல அமைகிறது. காரியும் வள்ளல் எழுவருள் ஒருவன் என்பது குறிப்பிடத்தக்கது. வள்ளல் ஒருவன் மற்றொரு வள்ளலை மூவேந்தருள் ஒருவருக்காக அழித்தான் என்பதே இப்பாடல்கள் காட்டும் அரசியல். குறுநில மலைத்தலைமைகள் வேந்தராட்சிக்குள் அடங்கிய வரலாற்றுப் போக்கின் ஒரு கூறு இது.

அச்சுப் பண்பாடும் விழாவும்

உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தார். வள்ளல்கள் பற்றிய பாடல்கள் பாடநூலுக்கும் மேடைக்கும் பொதுவெளிக்கும் பரவ இப்பதிப்புகள் வழியமைத்தன. கொல்லிமலையின் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை நிறுவப்பட்டதும், ஆடி 17, 18 ஆகிய நாட்களில் தமிழக அரசின் சார்பில் வல்வில் ஓரி விழா நடைபெறுவதும் இப்பரவலின் தொடர்ச்சியாகும். விழாவில் கலை நிகழ்ச்சிகளும் மலர்க் கண்காட்சியும் வில்வித்தைப் போட்டியும் இடம்பெறுகின்றன.

ஓரி பிறந்த நாளையோ இறந்த நாளையோ சங்கப் பாடல்கள் சுட்டவில்லை. ஆடிப் பதினெட்டு ஆற்றுப் பெருக்கை வரவேற்கும் நாள். புளியஞ்சோலையிலும் அறப்பளீசுவரர் கோயிலிலும் மக்கள் திரளும் நாளும் அதுவே. ஆகவே மன்னனின் நினைவு தனக்கென ஒரு நாளைப் பாடல்களிலிருந்து பெறவில்லை; ஆற்றின் நாளோடு இணைந்து நிற்கிறது. ஏற்கெனவே திரளும் கூட்டம் நினைவுக்கு நிலைத்த பற்றுக்கோடாகிறது. ஆயினும் விழா மேடை நாமக்கல் மாவட்ட எல்லைக்குள் அமைவதால், அதே மலையின் நீரில் நீராடும் புளியஞ்சோலை மக்களின் நாள் ஓரியின் பெயரின்றியே நிறைவுறுகிறது. சங்கப் பாடல்களின் கொல்லிக்கு இத்தகைய எல்லை இல்லை.

மலைவாழ் மக்களின் மரபு

இன்று கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளி மக்கள். இப்பெயர் மலையில் வாழ்வோர் என்னும் பொருளது. கேரள மக்களைக் குறிப்பதன்று. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் மூவர் என்றும், அவர்கள் சேர்வராயன், பச்சை, கொல்லி ஆகிய மலைகளுக்குப் பிரிந்து சென்றனர் என்றும் அவர்களது வாய்மொழி மரபு கூறுகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் இம்மரபு பதிவாகியுள்ளது. இக்கதை இடப்பெயர்வையும் உறவையும் மையமாகக் கொண்டது. ஓரியின் கதையோ அரசையும் கொடையையும் மையமாகக் கொண்டது. இரண்டையும் ஒன்றாக்கி, இம்மக்களை ஓரியின் நேர்வழியினராகக் காட்டுவதற்கு இவ்வாய்மொழி மரபு இடந்தரவில்லை. ஒன்றன் பெயரால் மற்றதை மறைப்பதும் வரலாற்று முறைக்குப் பொருந்தாது.

வேட்டை வில்லும் விளையாட்டு வில்லும்

1972ஆம் ஆண்டு இவ்வாய்வில் தனிக் கவனம் பெறுகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைக் கட்டுப்படுத்தியது அவ்வாண்டில்தான். நெடிய இடைவெளிக்குப் பின் மியூனிக் ஒலிம்பிக்கில் வில்வித்தை மீண்டும் சேர்க்கப்பட்டதும் அவ்வாண்டில்தான். இந்திய வில்வித்தைச் சங்கம் 1973இல் தோன்றியது. காட்டில் சட்டப்படியான இடத்தை வில் இழந்துகொண்டிருந்த காலத்திலேயே விளையாட்டுக் களம் அதற்குத் திறந்தது. இரண்டுக்கும் காரணத் தொடர்பு இல்லை எனினும், இரண்டும் சேர்ந்து வில்லின் சமூகப் பொருளை மாற்றின. இராஜஸ்தானின் அஹாரி பழங்குடியைச் சேர்ந்த லிம்பா ராம் 1987இல் அரசுத் தேர்வின் வழியே பயிற்சிக்கு வந்து, 1988, 1992, 1996 ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார். மரபுத் திறன் தொடர் பயிற்சியுடனும் நிறுவன ஆதரவுடனும் சேரும்போதே விளையாட்டுத் திறனாகிறது என்பதற்கு அவரது வாழ்க்கை சான்று.

விழாக்காலப் போட்டியும் பயிற்சியும் ஒன்றல்ல. ஆண்டுக்கு இருநாள் நிகழும் போட்டி ஓரியின் பெயரை நினைவூட்டும். மலையிலும் அடிவாரத்திலும் வாழும் இளையோர் கையில் வில்லைத் தந்து பழக்க அது மட்டும் போதாது. புறநானூறு போற்றிய வில் பகிர்தலில் நிறைவு கண்டது. அப்பொருளை இக்காலத்தில் மீட்க வேண்டுமாயின், பகிரப்பட வேண்டியது வாய்ப்பேயாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. ஓரியின் இன்றைய நினைவு சங்கப் பாடல்களின் முழுமையான மறுபதிவு அன்று. வில்லும் கொடையும் முன்வைக்கப்பட, காரியின் கையால் நேர்ந்த சாவும் கொல்லி கைமாறியதும் பின்தள்ளப்பட்டுள்ளன. அந்நினைவு ஆடிப் பதினெட்டு என்னும் ஆற்று வழிபாட்டு நாளைச் சார்ந்து நிற்கிறது. மலையாளி மக்களின் வாய்மொழி மரபு ஓரி மரபிலிருந்து வேறானது. தனக்கெனத் தனியாய்வு வேண்டுவது. செம்மேட்டு விழாவை மட்டும் கொண்டு கொல்லியின் நினைவை எழுதினால், ஐயாற்றின் கரையில் உள்ள புளியஞ்சோலை விடுபட்டுப்போகும். முகட்டையும் அடிவாரத்தையும் ஒருங்கே கொண்ட கள ஆய்வே இம்மலையின் நினைவு வரலாற்றை நிறைவு செய்யும்.