புகைப்பழக்க மீள்வீழ்ச்சி: தன்கட்டுப்பாடும் நிக்கோட்டின் விலகலும்

சிகரெட்டை நிறுத்தியவர் மீண்டும் வழக்கமாகப் புகைக்கத் தொடங்குவது மீள்வீழ்ச்சி எனப்படும். நிறுத்தியிருக்கும் காலத்தில் ஒன்றிரண்டு சிகரெட் புகைத்துவிடுவது சறுக்கல். எல்லாச் சறுக்கலும் மீள்வீழ்ச்சியில் முடிவதில்லை. ஆனால் பெரும்பாலானவை அங்கேதான் கொண்டுபோய் விடுகின்றன. மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் புகையை விட முயன்றோர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஜான் ஹியூஸும் சக ஆய்வாளர்களும் 2004இல் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டனர். அதன்படி, மீள்வீழ்ச்சியில் பெரும்பகுதி முதல் 8 நாட்களுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாக்குப்பிடிப்போர் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான்.

இதற்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன: மன உறுதி போதவில்லை என்பது ஒன்று, நிக்கோட்டின் கிடைக்காத உடல் படுத்தும் பாடு என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனிக் காரணங்களாகப் பிரிப்பது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். தன்கட்டுப்பாடு எந்த மூளைத்திறன்களை நம்பியிருக்கிறதோ, விலகல் நிலை அவற்றையே பலவீனப்படுத்துகிறது.

விலகல் நிலையின் இயல்பு

புகையை உள்ளிழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே அசிட்டைல்கோலினுக்கு உரிய ஏற்பிகளில், குறிப்பாக ஆல்பா4 பீட்டா2 வகையில், ஒட்டிக்கொண்டு டோபமைன் சுரப்பைத் தூண்டுகிறது. நாள்பட்ட புகைப்பால் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகுகிறது. நிக்கோட்டினின் அரை ஆயுள்காலம் சுமார் 2 மணி நேரமே. அதனால் இரவு முழுவதும் புகைக்காதவர் காலையில் எழும்போதே விலகல் நிலையின் வாயிலில் இருக்கிறார். எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் பற்றவைக்கப்படுகிறது என்ற கேள்வி, அடிமைத்தனத்தை அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் சோதனையில் முதன்மை பெறுவது இதனால்தான்.

எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு, அமைதியின்மை, கவனக்குலைவு, தூக்கக்கேடு, பசி மிகுதல் ஆகியவை விலகலின் அறிகுறிகள். இவை ஒரு நாளுக்குள் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் தணிகின்றன. மீள்வீழ்ச்சி மிகுந்திருக்கும் நாட்களும் அறிகுறிகள் உச்சத்தில் இருக்கும் நாட்களும் ஒன்றாக இருப்பது தற்செயல் அன்று.

விலகலின் கடுமை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கல்லீரலில் நிக்கோட்டினைச் சிதைக்கும் சிஒய்பி2ஏ6 என்னும் நொதியின் வேகம் மரபுவழி வேறுபடுகிறது; அதற்கேற்ப உடலில் நிக்கோட்டின் குறையும் விரைவும் மாறுகிறது. ஆகவே, நிறுத்தும் முயற்சியில் ஒருவர் வெல்வதையும் மற்றவர் தோற்பதையும் அவரவர் மன உறுதிக்கான சான்றிதழாகக் கொள்ள முடியாது.

தன்கட்டுப்பாடு பற்றிய கருத்துகள்

தன்கட்டுப்பாடு என்பது பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும் ஓர் இருப்பு என்ற கருத்தை ராய் பாமைஸ்டர் குழுவினர் 1998இல் முன்வைத்தனர். புகைப்போரிடம் இதைச் சோதித்தவர்கள் ஷ்முயேலியும் புரோச்சாஸ்காவும். 2009இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், இனிப்புகளைக் கண்முன் வைத்து உண்ணாமல் இருக்கும்படி ஒரு குழுவினரிடம் சொல்லப்பட்டது. மற்றொரு குழுவினர் முன் காய்கறி வைக்கப்பட்டது. பின்னர் கிடைத்த இடைவேளையில், இனிப்பைத் தவிர்த்தவர்களில் சுமார் 53 விழுக்காட்டினரும் மற்றவர்களில் சுமார் 34 விழுக்காட்டினரும் புகைத்தனர்.

ஆனால் இக்கருத்தின் அடித்தளம் இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்திய மறுசோதனையின் முடிவு 2016இல் வெளியானது. அதில் இத்தகைய தேய்மானத்தின் அளவு ஏறத்தாழச் சுழியம். எனவே மீள்வீழ்ச்சியை இந்த ஒரு கோட்பாட்டின் மேல் நிறுத்துவது வலுவற்ற வாதம்.

இதைவிட உறுதியான சான்றுகள் வேறு இரண்டு துறைகளில் கிடைக்கின்றன. ஒன்று, எதிர்கால மதிப்புக் குறைப்பு: பின்னர் கிடைக்கும் பெரிய பயனைவிட உடனே கிடைக்கும் சிறிய பயனுக்கு முன்னுரிமை தரும் போக்கு. வாரன் பிக்கலும் சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்போரிடம் இப்போக்கு ஒருபோதும் புகைக்காதோரையும் புகையை விட்டோரையும் விட மிகுதியாக இருந்தது. மற்றொன்று குழந்தைப்பருவ இயல்பு. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73இல் பிறந்த சுமார் 1000 பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு, சிறுவயதில் தன்கட்டுப்பாடு குறைந்தவர்கள் பதின்பருவத்தில் புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டியது. இயல்பான குணத்துக்குப் பங்கு உண்டு என்பதை இவை மெய்ப்பிக்கின்றன. எனினும், விடத் துணிந்த ஒருவர் மூன்றாம் நாளில் ஏன் விழுகிறார் என்பதைக் குணம் மட்டும் விளக்கிவிடாது.

இரண்டும் கூடும் இடம்

ஒரு தூண்டலை மறுப்பதற்கு மூன்று திறன்கள் தேவை. எடுத்த முடிவை நினைவில் நிறுத்த வேண்டும். கவனத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். நாளைய நலனுக்கு இன்றைய நிம்மதியைவிடக் கூடுதல் எடை தர வேண்டும். விலகல் நிலை இம்மூன்றையும் பாதிக்கிறது. கவனக்குலைவு நோயறிதல் பட்டியலிலேயே இடம்பெற்ற அறிகுறி. குறுகிய காலம் புகையை நிறுத்தும்போது செயல்நினைவு மிகுதியாகப் பின்தங்குவோர் விரைவில் மீண்டும் புகைப்பதாக ஃப்ரெடா பேட்டர்சனும் சக ஆய்வாளர்களும் 2010இல் காட்டினர். மூன்றாவதைப் பொறுத்தவரை, விலகலின் எரிச்சலும் பதற்றமும் ஒரே சிகரெட்டில் அடங்கிவிடும் என்பது புகைப்பவர் பல்லாயிரம் முறை அனுபவித்து அறிந்தது. நுரையீரல் புற்றுநோய் குறித்த அச்சமோ என்றோ ஒரு நாளைக்கு உரியது.

இதன் விளைவு தெளிவானது. தன்கட்டுப்பாடு மிகவும் தேவைப்படும் வாரத்தில்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது. ஒரே மனிதர், ஒரே உறுதி. ஆனால் நிக்கோட்டின் உள்ள நாளிலும் இல்லாத நாளிலும் அவரது ஆற்றல் வேறு வேறு.

விலகல் தணிந்த பின்

விலகல் அறிகுறிகள் தணிந்து மாதங்கள் கடந்த பின்னும் மீள்வீழ்ச்சி நிகழ்வது இந்த விளக்கத்துக்கு ஒரு தடையாகத் தோன்றலாம். ஆனால் அப்போது களம் மாறுகிறது. கையடக்கக் கணினியில் அவ்வப்போது பதிவு செய்யச் சொல்லி சால் ஷிஃப்மன் நடத்திய ஆய்வுகள், மனத்தாங்கல், மது, அருகில் பிறர் புகைப்பது, கைக்கெட்டும் தூரத்தில் சிகரெட் இருப்பது ஆகியவற்றோடு சறுக்கல்கள் பிணைந்திருப்பதை வெளிக்கொணர்ந்தன. சறுக்கலுக்குப் பிறகு நிகழ்வதை ஆலன் மார்லட் விளக்கினார்: ஒரு சிகரெட்டைத் தன் குணத்தின் தோல்வியாக எண்ணுபவர், எல்லாம் போயிற்று என்று முயற்சியையே கைவிடுகிறார். மன உறுதிதான் எல்லாம் என்ற நம்பிக்கை, இவ்விடத்தில் மீள்வீழ்ச்சிக்கே துணைபோகிறது.

சிகிச்சைக்கான பொருள்

தன்கட்டுப்பாட்டின் மேல் விழும் சுமையைக் குறைப்பதே பயனுள்ள சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. நிக்கோட்டின் பட்டை சீரான அளவில் நிக்கோட்டினைத் தந்து அடிப்படை விலகலைத் தணிக்கிறது. நிக்கோட்டின் சூயிங்கம் திடீர் வேட்கைக்கு உதவுகிறது. இத்தகைய மாற்று மருந்துகள் வெற்றி வாய்ப்பை 50 முதல் 60 விழுக்காடு உயர்த்துவதாக 2018ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு கணித்தது. பட்டையோடு சூயிங்கம் போன்ற ஒன்றைச் சேர்ப்பது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட மேலானது. ஆல்பா4 பீட்டா2 ஏற்பியைப் பாதியளவு தூண்டும் வரெனிக்ளின், 8000க்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2016இல் முடிவு வெளியான ஆய்வில் பட்டையையும் புப்ரோபியான் என்னும் மற்றொரு மருந்தையும் விஞ்சியது. 9ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரை தொடர்ந்து புகைக்காதிருந்தோர் வரெனிக்ளின் பெற்றவர்களில் சுமார் 22 விழுக்காடு. போலி மருந்து பெற்றவர்களில் சுமார் 9 விழுக்காடு. இருமடங்குக்கும் மேலான பயன் இது. ஆயினும் ஐவரில் ஏறத்தாழ நால்வர் வெல்லவில்லை என்பதையும் மறைக்க இயலாது. விலகலைத் தணிப்பது தேவை. அது மட்டும் போதாது.

எஞ்சும் பகுதிக்கு, தூண்டலை எதிர்த்து நிற்பதைவிட முன்கூட்டியே தன்னைக் கட்டிக்கொள்ளும் ஏற்பாடுகள் உதவுகின்றன. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், சொந்தப் பணத்தை வங்கியில் போட்டு, 6 மாதம் கழித்துச் சிறுநீர்ச் சோதனையில் தேறாவிட்டால் அதை இழக்கும் ஒப்பந்தம் புகைப்போருக்கு வழங்கப்பட்டது. சுமார் 11 விழுக்காட்டினரே ஏற்றனர். எனினும் ஒப்பந்தம் வழங்கப்பட்ட குழுவில் தேறியோர் 3 விழுக்காட்டுப் புள்ளி அதிகம். ஓராண்டு கழித்து முன்னறிவிப்பின்றி நடந்த சோதனையிலும் பயன் நிலைத்திருந்தது. தெளிந்த மனநிலையில் எடுத்த முடிவு, விலகல் வாட்டும் மனநிலையைக் கட்டுப்படுத்துகிறது.

இந்தியச் சூழலில் இதற்கு நேர்மாறான ஏற்பாடே நிலவுகிறது. 2016–17ஆம் ஆண்டின் வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் விடும் எண்ணம் கொண்டிருந்தனர். விட முயன்றோரில் பெரும்பாலோர் எந்த உதவியும் பெறவில்லை. தேநீர்க் கடையில் சிகரெட் உதிரியாகக் கிடைக்கிறது. முழுப் பாக்கெட் வாங்கத் தயங்குபவரும் ஒன்றை வாங்கத் தயங்குவதில்லை. பாக்கெட்டில் அச்சிட்ட எச்சரிக்கைப் படமும் அவர் கைக்கு வருவதில்லை. வேட்கைக்கும் செயலுக்கும் இடையிலான தூரம் சில ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே, மன உறுதி கொள்ளுங்கள் என்ற அறிவுரையோடு மருத்துவரின் பணி முடிந்துவிடுவதில்லை. தொடக்க வாரங்களில் மருந்து, அதன் பின்னரும் தொடரும் ஆலோசனை, சறுக்கலைத் தோல்வியாக்காத அணுகுமுறை, உதிரி விற்பனைக்குக் கட்டுப்பாடு ஆகிய நான்கும் சேர்ந்தே புகையை விட விரும்புவோரின் உறுதிக்குத் துணைநிற்க முடியும்.