காவல் என்னும் கதையாடல்: ஐஸ் ஹாக்கியின் அடியாட்கள்

வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் ஒரு விநோதமான உத்தியோகம் இருந்தது. கோல் போடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு முஷ்டியால் குத்தத் தெரிய வேண்டும். நம் பேச்சில் சொன்னால், அடியாள். 'எங்க நட்சத்திரத்து மேல கை வச்சா இவன் சும்மா விட மாட்டான்' என்பதுதான் அவனுடைய இருப்புக்கான நியாயம்.

இந்தக் கதையாடலுக்கு மூலப்பிரதி எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி. 1980களில் அங்கே வெய்ன் கிரெட்ஸ்கிக்குத் துணை டேவ் செமன்கோ. 1988 ஆகஸ்ட் 9 அன்று கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்குக் கைமாற்றப்பட்டபோது, அவர் வற்புறுத்தியதால் இன்னொரு காவலரான மார்ட்டி மெக்சோர்லியும் கூடவே அனுப்பப்பட்டார். கிரெட்ஸ்கி சாதித்தார், ஆகவே காவல் பலித்தது என்று கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் விழாத அடியை யார் எண்ணியது? அடி விழவில்லையென்றால் அடியாளுக்குப் பெருமை. விழுந்துவிட்டால் 'ஆள் போதலை'. எப்படிப் போனாலும் தோற்காத வாதம் இது. எனவே அடி விழுந்த தருணங்களைத்தான் நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

2004 பிப்ரவரி 16 அன்று வான்கூவர் கேப்டன் மார்கஸ் நாஸ்லண்டின் தலையில் கொலராடோவின் ஸ்டீவ் மூர் மோதினார். மார்ச் 8 ஆட்டத்தில் வான்கூவரின் மாட் குக் மூரோடு சண்டை போட்டார். 'கணக்கு' அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அதே ஆட்டத்தில் டாட் பெர்ட்டூஸி பின்னாலிருந்து தாக்க, மூரின் கழுத்தெலும்புகள் மூன்று முறிந்தன. அவர் பிறகு லீக்கில் ஆடவே இல்லை.

2010 மார்ச் 7: இப்போது பிட்ஸ்பர்க் அணியிலிருந்த அதே குக், பாஸ்டனின் மார்க் சவார்டைத் தலையில் இடித்து வீழ்த்தினார். பாஸ்டனிடம் ஷான் தார்ன்டன் என்ற அடியாள் இருந்தார். அந்த இருப்பு குக்கைத் தடுக்கவில்லை. மார்ச் 18 அன்று ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தார்ன்டன் குக்கை அடித்தார். அதனால் சவார்டுக்கு என்ன கிடைத்தது? 2011 ஜனவரியோடு அவருடைய ஆட்டம் முடிந்துபோனது. சண்டையைத் தொடங்குகிறவருக்கு 1992இல் தண்டனையைக் கடுமையாக்கிய விதிதான் அடியாளின் கையைக் கட்டிப்போட்டது என்பார்கள். இருக்கலாம். ஆனால் தார்ன்டனின் கை கட்டப்பட்டிருக்கவில்லை. அது தாமதமாக நீண்டது, அவ்வளவுதான். பழிக்கு எப்போதும் இரண்டாவது இடம்தான். முதல் அடி ஏற்கனவே விழுந்துவிட்டிருக்கிறது. பக்கவாட்டிலிருந்து தலையைக் குறிவைத்து மோதுவதைக் குற்றமாக்க, 2010-11 பருவத்தில் ஒரு விதி எழுத வேண்டியிருந்தது.

அப்படியானால் இந்தக் காவலில் செலவானது யாருடைய உடல்? டெரெக் பூகார்ட் 277 லீக் ஆட்டங்களில் 3 கோல் போட்டார். 2011 மே 13 அன்று, வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்து, 28 வயதில் இறந்துபோனார். திரும்பத் திரும்பத் தலையில் விழும் அடிகளோடு தொடர்புடைய சிதைவு நோய் அவருடைய மூளையில் இருந்ததாகப் பரிசோதனை காட்டியது. நட்சத்திரத்தைக் காப்பதாகச் சொல்லப்பட்ட கதையில், காவல்காரனுக்குக் காவல் என்று ஒரு வரிகூட யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.