திருச்சபையும் திருமணச் சட்டமும்

திருமணம் யாருக்கு உரியது? மணமக்களுக்கா, குடும்பத்துக்கா, ஆலயத்துக்கா, அரசுக்கா? இவ்வினா எல்லா நாடுகளிலும் எழுந்ததுண்டு. ஆயினும், அரசும் திருச்சபையும் பல நூற்றாண்டுகளாக ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இங்கிலாந்தில் அவ்வினா எழுந்த விதமும் அதற்கு விடை காணப்பட்ட விதமும் தனிக் கவனத்துக்கு உரியன. ஒரே பாலைச் சேர்ந்த இருவர் மணம் புரிவதை 2013ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டபூர்வமாக்கியது. அச்சட்டம் திடீரென வானத்திலிருந்து விழுந்ததன்று. அதன் வேர்களைத் தேடிச் செல்வோர் 1753ஆம் ஆண்டுக்குப் போதல் வேண்டும்.

அவ்வாண்டில் ஹாட்விக் பிரபு கொண்டுவந்த சட்டம், இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்தில், அதன் குருவானவர் முன்னிலையில் நடைபெறும் மணமே செல்லுபடியாகும் என விதித்தது. யூதருக்கும் குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தாருக்கும் மட்டுமே விலக்களிக்கப்பட்டது. கத்தோலிக்கரும், திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற ஏனைய கிறிஸ்தவரும், தாம் ஏற்காத ஆலயத்தில் நின்று மணவுறுதி செய்ய வேண்டியவராயினர். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த இக்குறையை 1836ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கியது. விவாகப் பதிவாளர் முன்னிலையில் சமயச் சடங்கின்றி மணம் புரியவும், பதிவு செய்யப்பட்ட பிற வழிபாட்டிடங்களில் மணம் நடத்தவும் அது வழி செய்தது. அன்றே சமயத் திருமணம், குடியியல் திருமணம் என்னும் இரு பாதைகள் பிரிந்தன.

பாதைகள் பிரிந்தபின் மோதல்களும் தோன்றின. மனைவியை இழந்தவன் அவளுடைய தங்கையை மணத்தல் தமிழர் சமூகத்தில் வியப்புக்குரிய செயலன்று. தாயை இழந்த பிள்ளைகளுக்குச் சிறிய தாயே தாயாக வாய்த்தாள் என்று உறவினர் மகிழ்வர். இங்கிலாந்திலோ அது திருச்சபையின் விதிப்படி தகாத உறவாகும். 1835ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய மணங்களை முற்றாகச் செல்லாதனவாக்கியது. அதனை மாற்றக் கோரும் மசோதாக்கள் பாராளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் வந்து தோற்றன. ஈற்றில் 1907ஆம் ஆண்டில் அம்மணம் சட்டபூர்வமாயிற்று. ஆயினும், அதனை நடத்தி வைக்க மனம் ஒவ்வாத குருவானவர் மறுத்துவிடலாம் என்ற விதியும் உடன் சேர்க்கப்பட்டது. அவ்வாறு மணந்த தம்பதியருக்கு நற்கருணை வழங்க மறுத்த குரு ஒருவரின் வழக்குப் பிரபுக்கள் சபை வரை சென்று, 1912ஆம் ஆண்டில் அவருக்கு எதிராக முடிந்தது. மணம் நடத்த மறுக்கலாம். மணந்தவரைத் திருச்சபைக்குப் புறம்பானவராக நடத்தலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மணவிலக்குப் பெற்றோரின் மறுமணமும் இவ்வழியே சென்றது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் மணவிலக்குக்கான காரணங்களை விரிவாக்கிய அதே வேளையில், முன்னாட் துணை உயிரோடிருக்க மறுமணம் புரிவோருக்கு மணம் நடத்துமாறு எந்தக் குருவையும் கட்டாயப்படுத்தலாகாது என்றும் கூறிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேதான், இருமுறை மணவிலக்குப் பெற்ற பெண்ணொருத்தியை மணக்க விரும்பிய எட்டாம் எட்வேர்ட் மன்னர் முடி துறந்தார். திருச்சபையின் பொதுப் பேரவை இத்தகைய மறுமணங்களுக்கு ஆலயத்தில் இடமளித்தது 2002ஆம் ஆண்டிலே. அரசு முன்னே செல்ல, குருவின் மனச்சாட்சிக்குக் காவல் இடப்பட, திருச்சபை பல்லாண்டுகள் கழித்துத் தன் வேகத்தில் பின்தொடர்ந்தது.

ஒருபால் உறவு பற்றிய வரலாற்றிலோ தொடக்கமே வேறு. அங்கு முதலில் எழுந்த வினா மணம் பற்றியதன்று; சிறை பற்றியது. ஆண்கள் இருவரின் உறவு தண்டனைக்குரிய குற்றமாயிருந்த காலத்தில், வுல்பெண்டன் குழு 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, வயது வந்தோர் தனிமையிலும் சம்மதத்துடனும் கொள்ளும் உறவு சட்டத்தின் வேலையன்று எனக் கூறியது. அம்மாற்றத்தைத் திருச்சபையின் தலைவர்களிற் பலர் ஆதரித்தனர். கன்ரபரிப் பேராயர் மைக்கேல் ராம்சே பிரபுக்கள் சபையில் அதற்குச் சார்பாகப் பேசினார். பாவம் என்று தாம் கருதுவது அனைத்தும் குற்றமாதல் வேண்டியதில்லை என்பது அவர்களது நிலை. 1967ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டோரைப் பொறுத்தவரை, இங்கிலாந்திலும் வேல்சிலும் அச்சட்டம் மாறிற்று.

2004ஆம் ஆண்டின் குடியியல் துணைமைச் சட்டம், ஒருபால் இணையர்க்கு மணத்துக்கு நிகரான உரிமைகளை ‘மணம்’ என்னும் பெயரின்றி வழங்கியது. அப்பதிவில் சமயச் சடங்கு நடத்தவும், வழிபாட்டிடத்தில் அதனைச் செய்யவும் சட்டம் தடை விதித்தது. சமயத்தார் இதனை விரும்புவர் என எண்ணியோர்க்கு எதிர்பாராத மறுப்பு வந்தது. குவேக்கர் 2009ஆம் ஆண்டில் யோர்க் நகரில் கூடி, ஒருபால் இணையரின் மணத்தையும் ஏனைய மணங்களைப் போலவே தம் கூட்டங்களில் நடத்துவதென முடிவு செய்து, சட்டத்தை மாற்றுமாறு அரசைக் கேட்டனர். யூனிற்றேரியன் சபையாரும் தாராளவாத யூதரும் அவ்வாறே கேட்டனர். கத்தோலிக்க ஆயர்கள், பழைமை பேணும் யூதத் தலைவர்கள், பிரித்தானிய முஸ்லிம் பேரவை, இங்கிலாந்துத் திருச்சபை ஆகியோர் மணத்தின் வரைவிலக்கணத்தை மாற்றலாகாது என்றனர். ஆதலின், சமயம் ஒரு புறம், சமத்துவம் மறுபுறம் என இவ்விவாதத்தைச் சுருக்கிவிடல் தவறாகும். மணம் நடத்த மறுக்கும் உரிமையும் சமயச் சுதந்திரம். மணம் நடத்தும் உரிமையும் சமயச் சுதந்திரம்.

இவ்விரண்டையும் ஒரே சட்டத்தில் அடக்கும் முயற்சியே 2012ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ‘நாற்பூட்டு’ ஏற்பாடு. எந்தச் சமய நிறுவனத்தையும் எந்தக் குருவையும் ஒருபால் மணம் நடத்துமாறு வற்புறுத்தலாகாது என்பது முதற் பூட்டு. நிறுவனம் தானாக இசைந்து பதிவு செய்தாலன்றி அதன் வழிபாட்டிடத்தில் அம்மணம் நடத்தலாகாது என்பது இரண்டாவது. மறுத்தவர்மீது பாரபட்ச வழக்குத் தொடரலாகாது என்பது மூன்றாவது. இங்கிலாந்துத் திருச்சபைக்கும் வேல்ஸ் திருச்சபைக்கும் உரிய தனி விலக்கே நான்காவது.

நான்காவது பூட்டு ஏன் வேண்டப்பட்டது? இங்கிலாந்துத் திருச்சபை அரசோடு இணைந்த சபை. பங்கில் வாழ்வோர் தம் பங்கு ஆலயத்தில் மணம் புரியும் சட்ட உரிமை உடையவர். எட்டாம் ஹென்றி மன்னர் காலந்தொட்டு, திருச்சபையின் விதி நாட்டின் சட்டத்துக்கு முரணாதல் இயலாது. மணம் என்றால் ஆணும் பெண்ணும் இணைவதே எனத் திருச்சபை விதி கூற, நாட்டின் சட்டம் வேறு கூறின், குருமார் இரு கட்டளைகளுக்கிடையே சிக்குவர். வேல்ஸ் திருச்சபை 1920ஆம் ஆண்டிலேயே அரசிலிருந்து பிரிக்கப்பட்டதாயினும், பங்கு மக்களுக்கு மணம் நடத்தும் கடமை அதன்மீது எஞ்சியிருந்தது. அரச சபை என்னும் பெருமையே இங்கு திருச்சபைக்குச் சுமையாயிற்று.

2013 பெப்ரவரி 5ஆம் திகதி பொதுமக்கள் சபை இரண்டாம் வாசிப்பில் 400க்கு 175 என்ற வாக்குகளால் மசோதாவை ஏற்றது. பிரதமர் டேவிட் கமரனின் சொந்தக் கட்சியினரில் ஆதரித்தோரினும் எதிர்த்தோரே மிகுதி. பிரபுக்கள் சபையில் கன்ரபரிப் பேராயர் ஜஸ்ரின் வெல்பி எதிர்த்துப் பேசினார். எனினும், மசோதாவை வீழ்த்தும் பிரேரணை ஜூன் 4ஆம் திகதி 390க்கு 148 என்ற வாக்குகளால் தோற்றது. ஜூலை 17ஆம் திகதி அரச அங்கீகாரம் கிடைத்தது. 2014 மார்ச் 29ஆம் திகதி முதல் மணங்கள் நிகழ்ந்தன.

சட்டம் நிறுவனத்தை நிறுவனத்திடமிருந்தும் அரசிடமிருந்தும் காத்தது. ஆனால் நிறுவனத்துக்குள் இருக்கும் தனி மனிதனை அது அவ்வளவாகக் காக்கவில்லை. 2014ஆம் ஆண்டில் தம் துணைவரை மணந்த குருவானவர் ஒருவருக்கு, மருத்துவமனைக் குருப் பணிக்கான அனுமதியை ஆயர் மறுத்தார். அவர் தொடுத்த வழக்கை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தள்ளிற்று. மனச்சாட்சியின் பொருட்டுக் கட்டப்பட்ட மதில் சிலருக்கு அரணாகவும், அதே மதில் சிலருக்குச் சிறையாகவும் அமைந்தது.

பின்னர் சபைகள் ஒவ்வொன்றும் தத்தம் அவைகளிற் கூடி முடிவெடுத்தன. ஐக்கிய சீர்திருத்த சபை 2016ஆம் ஆண்டிலும், மெதடிஸ்த திருச்சபை 2021ஆம் ஆண்டிலும் தம் ஆலயங்களில் ஒருபால் மணத்துக்கு வழி திறந்தன. விரும்பாத குருமாருக்கு விலக்கும் அளித்தன. இங்கிலாந்துத் திருச்சபையோ நெடிய விவாதத்தின்பின், 2023 டிசம்பர் 17ஆம் திகதி முதல், வழமையான ஆராதனைகளில் ஒருபால் இணையர்க்காக ஆசி மன்றாட்டுச் செய்ய இடமளித்தது. மணம் பற்றிய போதனையை மாற்றவில்லை. அதனை மிகையெனச் சிலரும் குறையெனச் சிலரும் கண்டனர்.

இவ்வரலாறு காட்டுவது யாது? பாராளுமன்றம் சட்டம் இயற்றலாம். நம்பிக்கையை இயற்ற அதனால் இயலாது. சமய நிறுவனம் தன் அடியார்க்கு நெறி வகுக்கலாம். தன் நெறியை ஏற்காதவரின் வாழ்வுக்கும் அதுவே சட்டமாதல் வேண்டும் என வற்புறுத்தும் வலிமையை அது படிப்படியாக இழந்தது. 1836ஆம் ஆண்டில் கத்தோலிக்கரும் பிரிவினைச் சபையாரும் பெற்ற விடுதலையும், 2013ஆம் ஆண்டில் ஒருபால் இணையர் பெற்ற உரிமையும் இவ்வொரு கொள்கையிலிருந்தே பிறந்தன. மனைவியின் தங்கையை மணத்தல் பாவமா என்று ஒரு காலத்தில் அவைகள் அதிர வாதாடிய நாடு, பின்னர் அவ்வாதத்தையே மறந்தது. ஒருபால் மணம் பற்றிய வாதமும் அவ்வாறு மறக்கப்படுமா என்பதனை ஆலயங்களில் அமர்ந்திருக்கும் மக்களே தீர்மானிப்பர். அதற்கான பூட்டும் திறவுகோலும் அவர்கள் கையிலேயே விடப்பட்டுள்ளன.