அவ்வா வீட்டுச் சிலுகா

எதிர் வீட்டு அவ்வா போன ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு, "இந்தச் சிலுகாவ நீயே தூக்கினு போயிடு நைனா, என்னால முடியல"ன்னு சொன்னாங்க.

சிலுகான்னா கிளி. திருத்தணியில நிறைய வீடுகள்ல உள்ளே தெலுங்கு, வாசல்படி தாண்டினா தமிழ். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் இந்த ஊர் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்தது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் போராடின எல்லைப் போராட்டத்துக்கு அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தது. அவ்வா மட்டும் இன்னும் அந்தப் பக்கத்துலயே இருக்காங்க :)

கொல்லைப்புறத்துல துவைக்கிற கல்லுக்கு மேலே கூண்டு தொங்குது. துருப்பிடிச்ச கம்பி, காய்ஞ்சுபோன எச்சம், டப்பாவுல கம்பு. வருஷக்கணக்கா அதுதான் சாப்பாடு. வெறும் தானியத்தையே போட்டா கிளிக்கு வைட்டமின் ஏ கிடைக்காது, மூக்கும் தோலும் கெட்டுப்போகும். இந்தக் கிளி நெஞ்சு முடியைத் தானே பிடுங்கிப் போட்டிருக்கு, ரூபாய் அகலத்துக்கு வெறும் தோல் தெரியுது. கழுத்துல கறுப்பும் ரோஸுமா வளையம், அதனால ஆண். மூணு வயசு வாக்குலதான் அந்த வளையம் முழுசா வரும். றெக்கையை வெட்டி விட்டிருக்காங்க.

அவ்வாவைக் குத்தம் சொல்ல மனசு வரல. கிளி தாத்தா வாங்கினது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துல எவனோ கூண்டோட வித்தான், தாத்தா காசைக் கொடுத்துட்டார். தாத்தா போய்ச் சேர்ந்தாச்சு. அவ்வாவுக்கு முட்டி வலி, கொல்லைக்கு ரெண்டு படி இறங்கறதே பெரும்பாடு.

தூக்கிட்டு வரலாமா வேணாமா? ரெண்டு நாள் இதே யோசனை. பழக்கதோஷம், எதைப் பத்தி யோசிச்சாலும் அதோட பூர்வோத்திரத்தைத் தேட ஆரம்பிச்சிடுவேன்.

நம்ம சாமிகளுக்கும் கிளிக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. ஆண்டாள் தோள்ல கிளி, மீனாட்சி கையில கிளி. மதுரையில பொற்றாமரைக் குளத்துப் பக்கத்துல கிளிக்கூட்டு மண்டபம்னே ஒண்ணு உண்டு. அங்கே கூண்டுல கிளி வளர்த்து 'மீனாட்சி'ன்னு சொல்லப் பழக்கியிருந்தாங்க. இப்போ மண்டபமும் பேரும் மட்டும்தான் மிச்சம். நம்ம தணிகை மேல அத்தனை திருப்புகழ் பாடின அருணகிரிநாதர் கடைசியில கிளியாவே ஆயிட்டார்னு கதை. பாரிஜாதப் பூ கொண்டு வர கிளி உடம்புல புகுந்து போனவர், திரும்பி வர்றதுக்குள்ள அவர் உடம்பை எரிச்சுட்டாங்க. திருவண்ணாமலையில கிளி கோபுரம் அதுக்கு சாட்சி.

இதுல எனக்குப் பிடிச்சது வள்ளிதான். தினைப்புனத்துப் பரண்ல ஏறி நின்னு, கவண்ல கல்லை வச்சு, ஆலோலம் பாடி கிளியை விரட்டினவ. யோசிச்சுப் பாருங்க, பயிரைத் தின்ன வந்த கிளியைத் துரத்தினாளே ஒழிய பிடிச்சு அடைக்கல. கிளிக்கு அதைவிட மரியாதை வேற என்ன?

அவ்வாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். அவங்க பதிலுக்கு ராமதாசு கதையைச் சொன்னாங்க. பத்ராசலத்துல ராமருக்குக் கோயில் கட்டின கோபண்ணா, கோல்கொண்டா தானீஷா ஆட்சியில தாசில்தாரா இருந்தவர். 17-ம் நூற்றாண்டு. அரசாங்கப் பணத்தை எடுத்துக் கோயிலுக்குப் போட்டுட்டார்னு ஜெயில்ல தள்ளிட்டாங்க. கோல்கொண்டா கோட்டையில அந்த அறையை இன்னிக்கும் காட்டறாங்க. கதைப்படி பன்னெண்டு வருஷம் உள்ளே கிடந்தார். ராமனுக்கே கோயில் கட்டினவனுக்கு ஏன் இந்தக் கதின்னா, போன ஜென்மத்துல ஒரு கிளியைப் பன்னெண்டு வருஷம் கூண்டுல வச்சிருந்தாராம். கணக்குத் தீர்ற வரைக்கும் ராமனாலயே ஒண்ணும் பண்ண முடியல.

சொல்லிட்டு அவ்வா விரலை மடக்கி எண்ணினாங்க. "தாத்தா வாங்கி பதினாலு வருசம் ஆவுது நைனா. பன்னெண்டு எப்பவோ தாண்டிடுச்சு."

எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. ஜென்மக் கணக்கெல்லாம் எனக்கு வராது. சட்டத்தோட கணக்கு கொஞ்சம் வரும், அதையாவது பார்க்கலாம்னு உட்கார்ந்தேன்.

வெள்ளைக்காரன் 1912-ல ஒரு பறவை, விலங்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டான். அதோட பட்டியல்ல மயில் உண்டு, மீன்கொத்தி உண்டு, பனங்காடை உண்டு. சீமைத் துரைசானிகள் தொப்பிக்கு இறகு வேணும்னு கண்டபடி சுட்டுத் தள்ளின பறவைகள்ல சிலதும் இதுல இருக்கு. கிளி இல்ல. 1972-ல வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கிளியை நாலாவது அட்டவணையில வச்சது. அப்பவும் லைசென்ஸ் வாங்கிட்டு வியாபாரம் பண்ணலாம், வெளிநாட்டுக்குக் கப்பலேத்தலாம். 1990-91-ல தான் உள்நாட்டுப் பறவை வியாபாரத்துக்கே முழுசாத் தடை வந்தது. காக்கா மட்டும் விதிவிலக்கு, பாவம், அதை யார் வாங்கறது?

ஆக தாத்தா காசு கொடுத்தப்பவே அது தப்பு. வித்தவனுக்குத் தெரிஞ்சிருக்கும், தாத்தாவுக்கு சத்தியமாத் தெரிஞ்சிருக்காது.

2022-ல சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் கிளி ரெண்டாவது அட்டவணைக்கு ஏறியாச்சு. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கு. உலக அளவுல வேடிக்கை என்னன்னா, கிளிகளோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்துல கிட்டத்தட்ட எல்லாக் கிளியும் இருக்கு, விலக்குக் கிடைச்ச ஒரு சில கிளிகள்ல நம்ம பச்சைக்கிளியும் ஒண்ணு. அங்கே சீந்துவாரில்லாதது, இங்கே அட்டவணைப் பறவை. லவ் பேர்ட்ஸ் வளர்க்கறவங்களுக்கு இந்தப் பிரச்சனை இல்ல, அதோட பூர்வீகம் ஆஸ்திரேலியா.

சட்டம் ஏட்டுலதான்னு நினைச்சா, 2024 ஏப்ரல்ல கடலூர்ல நடந்தது ஞாபகம் வரும். தேர்தல்ல நின்ன தங்கர் பச்சான் ஜெயிப்பார்னு கிளி சீட்டு எடுத்துக் கொடுத்தது. வனத்துறை வந்து கிளிகளைப் பறிமுதல் பண்ணி, ஜோசியக்காரரைப் பிடிச்சுக்கிட்டுப் போய் எச்சரிச்சு விட்டாங்க. கிளி சொன்ன ஜோசியமும் பலிக்கல. 2015-ல டெல்லி உயர்நீதிமன்றமும் வானத்துல பறக்கறது பறவையோட அடிப்படை உரிமைன்னு சொல்லியிருக்கு.

சரி, அப்போ கூண்டைத் திறந்து விட்டுடலாமா? அதான் கூடாது. வெட்டின றெக்கை தானா வளராது. பழைய இறகு உதிர்ந்து புதுசு முளைக்கணும், அதுக்கே மாசக்கணக்காகும். அதுக்குள்ள விட்டா நாலு காக்கா போதும், கதை முடிஞ்சிடும். பதினாலு வருஷம் டப்பாவுல தின்ன கிளிக்கு கொய்யா மரம் எதுன்னே தெரியாது.

நானே வச்சுக்கலாம்னு ஆசை வந்தது நிஜம். பெரிய கூண்டு, கொய்யாப்பழம், பச்சை மிளகாய்... பொண்ணு பேர் வரைக்கும் யோசிச்சுட்டா. ஆனா நல்லாப் பார்த்துக்கிட்டாலும் கூண்டு கூண்டுதான். கைமாறினா கணக்கும் என் பேருக்கு மாறும், அவ்ளோதான்.

அப்போதான் சட்டத்தோட 39-வது பிரிவு கண்ணுல பட்டது. சட்டத்துக்குப் புறம்பா அடைச்சு வச்ச காட்டுயிர் மாநில அரசாங்கத்தோட சொத்து. அது யார் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்லயோ அதிகாரிகிட்டயோ தெரிவிக்கணும், கேட்டா ஒப்படைக்கணும். பன்னெண்டு வருஷம் இல்ல, ரெண்டே நாள்.

வனத்துறைக்கு போன் பண்ணிக் கேட்டேன், கொண்டு வரச் சொன்னாங்க. நேத்து சாயந்தரம் கிளி எங்க வீட்டுக்கு வந்தது. கொய்யாத் துண்டைத் தொடவே இல்ல, ராத்திரி முழுக்க ஒரே மூலையில உட்கார்ந்திருந்தது. காலைல பார்த்தா துண்டுல ஒரு ஓரம் மட்டும் கொத்தியிருக்கு. நாளைக்குக் காலைல எடுத்துட்டுப் போறேன்.

அவ்வா வாசல் வரைக்கும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. கூண்டைப் பார்க்கல, என்னைப் பார்த்தாங்க.

"கூண்டைத் திருப்பி எடுத்தாந்துடாத நைனா. எனக்கு வேணாம்."