மலை வீதியும் மாற்றுக் கியர்ப்பெட்டியும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுவீதி தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் அமைக்கப்பட்டது. அதனை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829ஆம் ஆண்டில் காலமானார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. மாட்டு வண்டிகள் மூச்சிரைக்க ஏறிய அந்த ஏற்றத்திலேதான் பின்னாளில் லொறிகளும் பஸ்களும் ஏறின. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். இராணுவ வண்டிகளும் மலையேறின. அன்றும் இன்றும் இம்மலை வீதி சோதிப்பது எஞ்சினின் வலிமையை மட்டுமன்று. எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையேயுள்ள பொருத்தத்தையும் அது சோதிக்கின்றது.

சாரதியின் கை படாமல் தானே கியர் மாற்றும் பெட்டியை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939இல் 'ஹைட்ரமாட்டிக்' என்னும் பெயரில் வெளியிட்டது. அதில் இதழ்கள் பொருந்திய இரு சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். எஞ்சின் சுழற்றும் சக்கரம் எண்ணெயைத் தள்ள, அவ்வெண்ணெய் மற்றைச் சக்கரத்தைச் சுழற்றும். கியர் மாறவேண்டிய தருணத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: வண்டியின் வேகம் ஒன்று, சாரதி மிதியை அழுத்தும் அளவு மற்றொன்று. இவ்விரண்டின் சமநிலை ஒரு குறித்த எஞ்சினின் இயல்புக்கேற்ப அளந்து வைக்கப்படுவது. ஆகவே ஓர் எஞ்சினுக்குரிய பெட்டியை வேறோர் எஞ்சினோடு இணைப்பது முன்பின் அறியாத இரு எருதுகளை ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது. பழக்கினால் ஓடும்; பழக்காவிடில் வண்டி குடைசாயும்.

இவ்விணைப்பைப் பெருநிறுவனமே செய்ய நேர்ந்த வரலாறும் உண்டு. 1953 ஆகஸ்ட் 12ஆந் தேதி, மிச்சிகன் மாநிலத்து லிவோனியாவிலிருந்த ஹைட்ரமாட்டிக் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. மோட்டார் வண்டிகளோ காத்திருக்க முடியாது. எனவே பியூக் வண்டிக்குரிய 'டைனாஃபுளோ' பெட்டி கடிலாக், ஓல்ட்ஸ்மொபீல் எஞ்சின்களோடு இணைக்கப்பட்டது; செவர்லேயின் 'பவர்கிளைடு' பொன்டியாக் வண்டிக்குச் சென்றது. பியூக்கின் சுழல்தண்டு குழாயொன்றினுள் அடைபட்டிருந்தது. கடிலாக் வண்டியிலோ அது திறந்திருந்தது. இவ்வேறுபாடு ஒன்றே பொறியியலாளருக்குப் போதிய வேலை வைத்தது. எனினும் அவர்கள் கையில் வரைபடங்களும் சோதனைக் களமும் இருந்தன.

இலங்கையும் இத்தகைய இணைப்பைக் கண்டதுண்டு. 1958இல் பஸ் சேவை நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபின், இலண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டைத் தட்டு பஸ்கள் பெருந்தொகையாக வாங்கப்பட்டன. அவற்றுள் ஆர்.ரி. வகைக்கு ஏ.ஈ.சி. எஞ்சின், ஆர்.ரி.எல். வகைக்கு லேலண்ட் எஞ்சின். இரண்டிலுமே எண்ணெய்ச் சக்கரமும், கியரை முன்கூட்டியே தெரிந்து வைக்கும் பெட்டியும் இருந்தன. எஞ்சின் வேறு, பெட்டி முறை ஒன்று; தொடக்கத்திலேயே அளந்து இணைத்தமையால் இரண்டும் இசைந்து ஓடின.

1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தபின் ஜப்பானியப் பிக்கப் வண்டிகள் மலைநாட்டில் பெருகின. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, புது வண்டிக்கு வழியின்றிப் பழைய வண்டியையே பேணவேண்டிய நிலை உண்டாயிற்று. மரக்கறி ஏற்றிப் பிழைப்பவனுக்கு வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும். பழுதான பெட்டிக்குப் பதிலாகக் கிடைத்த பெட்டியைப் பூட்டும் எண்ணம் அப்போதுதான் எழுகின்றது.

அங்கே கவனிக்க வேண்டியவை சில. பெட்டியின் முன்மூடியும் எஞ்சினின் பின்புறமும் துளைக்குத் துளை பொருந்தினால் மட்டும் போதாது. பெற்றோல் எஞ்சின் உயர்ந்த சுழற்சி வேகத்தை எட்டுவது; டீசல் எஞ்சின் அதற்கு முன்பே தன் எல்லையை அடைவது. பெற்றோல் எஞ்சினுக்குரிய பெட்டியை டீசலோடு இணைத்தால், மிதியை முழுதும் அழுத்தி ஏற்றத்தில் செல்லும்போது, எஞ்சின் எட்டவே முடியாத வேகத்துக்காகப் பெட்டி காத்திருக்கும். மேல் கியர் விழாது. பழைய பெட்டிகள் சில, பெற்றோல் எஞ்சினின் உறிஞ்சு குழாயிலுள்ள வெற்றிடத்தைக் கொண்டு பாரத்தை உணர்பவை. டீசலில் அவ்வெற்றிடம் இல்லை. நீண்ட ஏற்றத்தில் எண்ணெய் கொதித்து, உள்ளிருக்கும் தட்டுகள் கருகவும் கூடும்.

ஏற்றத்தைவிட இறக்கமே கொடிது. கடுகண்ணாவையிலிருந்து மாவனல்லை நோக்கிப் பாரத்தோடு இறங்கும் வண்டியைத் தாழ்ந்த கியரில் எஞ்சினே பிடித்து நிறுத்தவேண்டும். அப்பிடி தளர்ந்தால் முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். சூடேறிய பிரேக் கைவிடும். அதன் விலை பணமன்று, உயிர்.

ஆதலால் மாற்றுப் பெட்டியை நாடுவோர், அதே வண்டியின் எண்ணெய்ச் சக்கரம், மிதிக் கம்பி, எண்ணெய் குளிர்விக்கும் கருவி ஆகியவற்றையும் சேர்த்தே பெறுதல் நன்று. எஞ்சினையே மாற்றினால் புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் வாகனத் திணைக்களத்தில் பதிதலும் கடமை. பாரமேற்றுமுன் வெறும் வண்டியை ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். லிவோனியாத் தீக்குப்பின் பொறியியலாளர் சோதனைக் களத்தில் செய்த வேலையைக் கண்டியில் செய்து தருவது மலைதான்.