பெயர் சொல்லாத வாத்தியக்காரர்கள்



மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்றார் சங்கச் செயலாளர். "வ.உ.சி.யா, முத்துக்குளிப்பா?" என்றேன். "ரெண்டும் ஏற்கெனவே வந்தாச்சு அண்ணாச்சி, புதுசா ஏதாவது எழுதுங்க" என்றார். ஆகவே கிதாரைக் கையில் எடுத்திருக்கிறேன். வாசிக்க அல்ல, எழுத!

மேற்கத்திய இசை நம்ம ஊருக்குப் புதிதல்ல. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தது முதல் அதற்கும் இந்தக் கடற்கரைக்கும் உறவு உண்டு. 1927-இல் தூத்துக்குடியில் பிறந்து, இலங்கையில் வளர்ந்து, சென்னை சென்று, தமிழ்த் திரையில் 'யோடலிங்' பாடிக் காட்டிய ஜே.பி.சந்திரபாபு நம் மண்ணின் மைந்தர். 1974-இல் மறைந்தும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. ஆனால் அவர் பாட்டுகளுக்குக் கிதார் வாசித்தவர் யார்? கேட்டால் விழிப்போம்.

அக்காலத்து ஒலிப்பதிவில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அத்தனை பொறுப்பு இருந்தும், இசைத்தட்டில் படம், பாடகர், இசையமைப்பாளர் பெயர்கள்தான் இருக்கும். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்வதும் அவைதான். முத்து மாலை போட்டவரை எல்லோரும் பார்ப்பார்கள். மூச்சடக்கிக் குளித்தவன் பேரை யார் கேட்கிறார்கள்?

இந்த இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த ஒருவரைச் சொல்கிறேன். 1970-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தது கப்பல் கட்டும் பொறியியல். துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு அந்தப் படிப்பின் மதிப்பு தெரியும். அதை விட்டு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். ஜாஸ் கற்கப் போனவர், ஏற்கெனவே கற்றிருந்த கர்நாடக இசையைக் கைவிடவில்லை. திருவாரூர் பாலசுப்பிரமணியம், வயலின் கலைஞர் ஏ.கன்யாகுமரி ஆகியோர் அவருடைய குருமார்கள்.

கிதாரில் கமகம் எளிதல்ல. வீணையிலும் மெட்டு உண்டு, கிதாரிலும் உண்டு. ஆனால் வீணையின் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் பல சுரங்கள் பிறக்கும். கிதாரின் தந்தி அந்த அளவுக்கு இடம் கொடுக்காது. அதனால் விரலைத் தந்தியின் மேலேயே வழுக்கவிட்டு ராகத்தைக் கொண்டுவர வேண்டும். இதைச் சாதித்தவர் அவர்.

இளையராஜா, ஏ.ஆர்.ரஹ்மான் இருவரின் ஒலிப்பதிவுகளிலும் அவர் கிதார் ஒலித்திருக்கிறது. ஜிமி ஹென்றிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-இல் 'எலக்ட்ரிக் கணேஷாலேண்ட்' வெளியிட்டார். 2008-இல் வந்து, மறு ஆண்டு ஆஸ்கர் பெற்ற 'ஸ்மைல் பிங்கி' குறும்படத்துக்கு இசை அவருடையது. ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயருடன் 'தீர்த்தா' 2011-இல் வந்தது.

இதைப் படித்துவிட்டு, "அப்போ நானும் டிகிரியைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்று எந்தத் தம்பியும் கேட்க வேண்டாம்! அவர் பட்டத்தை முடித்துவிட்டுத்தான் போனார். போன இடத்திலும் மாணவராகவே உட்கார்ந்தார். துணிச்சலோடு சாதகமும் இருந்தது, அதுதான் பாடம்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ரஹ்மானின் ஒலிநாடாக்கள், குறுந்தகடுகள் வந்த காலம் தொட்டு வாத்தியக்காரர் பெயர்களும் அச்சேறத் தொடங்கின. அதற்கு முன் வாசித்த பலரின் பெயர் அவர்கள் வீட்டாரோடு போய்விட்டது.

நம் கல்லூரிக் கலைவிழாக்களிலும் பாடியவர் பெயர் அழைப்பிதழில் இருக்கும்; கிதாரும் டிரம்ஸும் வாசித்தவர்கள் "குழுவினர்" ஆகிவிடுவார்கள். உங்கள் ஆண்டில் வாசித்தவர் யார், பின்னாளில் என்ன ஆனார் என்று நினைவிருப்பவர்கள் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த மலரில் அவர்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குவோம். நினைவுள்ளவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்தால்தான் அது சரித்திரம்.